ஸாபிக்ஸ் 6.0-இலிருந்து 7.0: முதலில் சர்வரா, ப்ராக்ஸிகளா?

வலைக்காவல்:
நெட்வொர்க்கைக் கண்காணிக்க ஸாபிக்ஸ் மென்பொருள் ஓட்டுகிறோம். மையத்தில் ஒரு சர்வர், கிளைகளில் தரவைச் சேகரித்து அதற்கு அனுப்பும் முப்பது ப்ராக்ஸி. எல்லாமே 6.0. டேட்டாபேஸ் சர்வருக்கு மைஎஸ்க்யூஎல், ப்ராக்ஸிகளுக்கு எஸ்க்யூலைட். முப்பதையும் ஒரே இரவில் மாற்ற ஆள் இல்லை, சில கிளைகளில் லைனும் மெதுவு. ப்ராக்ஸிகளை ஒவ்வொன்றாக முன்கூட்டியே 7.0-க்கு ஏற்றிவிட்டு, சர்வரைக் கடைசியில் ஏற்றலாமா?

நள்ளிரவுஷிப்ட்:
வேண்டாம், அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். சர்வரைவிடப் புதிய ப்ராக்ஸிக்கு ஆதரவே கிடையாது. பழைய ப்ராக்ஸி, புதிய சர்வர் என்றால் சமாளிக்கலாம். 6.4 முதல் இதற்கு வழி செய்திருக்கிறார்கள்: முந்தைய எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள வெளியீடு) வரைக்கும் உள்ள ப்ராக்ஸி தரவைச் சேகரித்து அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் 6.0 அதற்குள் வந்துவிடுகிறது. ஆனால் புது கான்ஃபிக் எதுவும் அதற்குப் போய்ச் சேராது. கடைசியாக வாங்கியதை வைத்தே ஓடும்.

அதனால் சர்வரைத் தொடும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்தான் முக்கியம். ஒவ்வொரு ப்ராக்ஸியின் கான்ஃபிக் ஃபைலிலும் ஆஃப்லைன் பஃபர், அதாவது சர்வர் கிடைக்காதபோது தரவை வைத்திருக்கும் நேரம், எவ்வளவு என்று பாருங்கள். சும்மா விட்டிருந்தால் 1 மணி நேரம்தான். சர்வரின் டேட்டாபேஸ் மாற 3 மணி நேரம் ஆனால், முதல் 2 மணி நேரத் தரவை ப்ராக்ஸியே அழித்துவிடும். 24 என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 720 வரை வைக்கலாம், டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ப்ராக்ஸியில் அனுப்பாமல் தேங்கியிருக்கும் மதிப்புகள் எத்தனை என்று காட்டும் உள் ஐட்டம் (ஸாபிக்ஸ் தன்னைத்தானே அளக்கும் அளவீடு) ஒன்று உண்டு. அதை எல்லா ப்ராக்ஸிகளிலும் இப்போதே சேருங்கள். சர்வர் ஏறிய பிறகு சேர்த்தால் பழைய ப்ராக்ஸிக்கு அது போகாது. ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், எஸ்க்யூலைட் ஃபைலை 7.0 அப்கிரேட் செய்யாது. பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். உள்ளே அனுப்பாத தரவு இருந்தால் அதோடு போச்சு. தேக்கம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகே அந்த ப்ராக்ஸியில் கை வையுங்கள்.

டேபிள்பூட்டு:
சர்வர் பக்கம் ஒன்று சொல்கிறேன். டேட்டாபேஸின் நகலை வேறொரு மெஷினில் ஏற்றி, 7.0 சர்வரை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு வேறு நம்பகமான கணக்கு இல்லை. எத்தனை சதவீதம் முடிந்தது என்று லாக்கில் வந்துகொண்டே இருக்கும். ஒரே எண்ணில் வெகுநேரம் நின்றாலும் கில் செய்யாதீர்கள். பெரிய டேபிள் ஏதோ மாறிக்கொண்டிருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் பாதியில் வெட்டினால் டேபிள்கள் பாதி மாறிய நிலையில் நின்றுவிடும். பின்னால் திரும்ப பேக்கப் ஒன்றே வழி.

வலைக்காவல்:
நன்றி, வரிசை புரிந்தது. சேகரித்த மதிப்புகள் இருக்கும் ஹிஸ்டரி டேபிள்களில் எங்களுக்குப் ப்ரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் கீ) இல்லை. 5.0-இலிருந்து ஏறி வந்த டேட்டாபேஸ். அதையும் அதே இரவில் முடித்துவிடலாமா?

நள்ளிரவுஷிப்ட்:
தயவுசெய்து வேண்டாம். அது இல்லாமலும் 7.0 ஓடும். ஹிஸ்டரி முழுவதையும் புது டேபிளுக்கு நகர்த்தும் தனி வேலை அது. ஏதாவது தடுமாறினால் காரணம் எதிலென்றே தெரியாது. முப்பது ப்ராக்ஸியும் 7.0-க்கு வந்த பிறகு வேறொரு நாள் எடுங்கள்.

கண்காணிக்கப்படும் மெஷின்களில் ஓடும் ஏஜென்ட்களை இப்போதைக்கு மறந்துவிடலாம், பழையவை 7.0-உடன் பேசும். நடுவில் ஏதாவது கிளைக்குப் புது ஹோஸ்ட் அவசரமாகத் தேவைப்பட்டால், அந்த ப்ராக்ஸியை வரிசையில் முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சர்வர் நிற்கும் நேரத்தில் அலர்ட் எதுவும் வராது. முக்கியமான நான்கைந்து சேவைகளுக்காவது வெளியிலிருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் பிங் அடித்துக்கொண்டிருக்கட்டும். அந்த இரவு ஷிப்டில் இருப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.