சுருட்டை முடிக்கு வீட்டில் செய்த வாசனை மிஸ்ட்: உங்கள் அனுபவம் என்ன?

மந்தைவெளி வாசகி:
என் நாத்தனார் வெட்டிவேர் நீரில் பன்னீரும் கிளிசரினும் கலந்து தயாரித்த மிஸ்டை, ஐப்பசியில் ஒரு திருமண வரவேற்புக்குக் கிளம்பும்போது என் தலையில் தாராளமாகத் தெளித்துவிட்டார். கண்ணாடியில் பார்த்தபோது சுருள்கள் தனித்தனியாகப் பளபளத்தன. ஆட்டோவில் மழைக்காற்று பட்டு மண்டபத்தில் இறங்குவதற்குள் முடி முழுவதும் உப்பிப் பறட்டையாகி, மல்லிகைச் சரம் அதற்குள் புதைந்தே போயிருந்தது. வாசலில் பன்னீர்ச் செம்பைத் தூக்கிய பெரியம்மா, என் தலையைப் பார்த்ததும் கையைத் தாழ்த்திக்கொண்டு, "உனக்கு வேண்டாம்மா" என்றார். அது கேலியா, இரக்கமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பது தெரிந்ததுதான். அந்தச் செய்முறையைக் காணொளியில் சொன்னவருக்கு நம் ஊர்க் கடற்காற்றைத்தான் தெரிந்திருக்காது.

பெரம்பூர் வாசகி:
வாசனைக்காக எலுமிச்சம்புல் எண்ணெய் வாங்க, பாரிமுனைப் பக்கம் நயினியப்ப நாயக்கன் தெருவுக்குப் போயிருந்தேன். தண்ணீரில் கலந்து தலைக்குத் தெளிக்கப்போகிறேன் என்று சொன்னதும், கடைக்காரர் தம் தண்ணீர் டம்ளரில் இரண்டு சொட்டு விட்டு, ஸ்பூனால் கலக்கி, என் முன்னே வைத்துவிட்டு வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். அவர் திரும்புவதற்குள் எண்ணெய் கண்ணாடிப் பொட்டுகளாக மேலே வந்து மிதந்தது. "இப்படியே பாட்டிலில் ஊற்றினால் முதலில் வெறும் தண்ணீர்தான் வரும், கடைசியில் வருவது கழுத்தைச் சுடும்" என்று கூறி, பாலிசார்பேட் 20 என்ற திரவத்தில் எண்ணெயை முதலில் கரைத்துவிட்டு, அதன் பிறகே தண்ணீர் சேர்க்கச் சொன்னார். எண்ணெயை விற்பதற்கு முன்பே அதன் குறையைக் காட்டிய வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வேளச்சேரி வாசகி:
மந்தைவெளிக்காரர் கிளிசரின்மீது பழி போடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அவருடைய நாத்தனார் எவ்வளவு ஊற்றினார் என்பதை அவர் சொல்லவே இல்லை. நாள் முழுவதும் ஏ.சி. அறையில் வேலை செய்யும் எனக்கு, 100 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூன் கிளிசரின் சரியாகவே இருக்கிறது. எந்தத் தண்ணீரில் கலந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீரில் செய்த மிஸ்ட் காய்ந்ததும் சுருள்களின் நுனியில் வெள்ளை படிந்து, அலுவலக லிஃப்டில் ஒருவர் அதைப் பொடுகு என்று எண்ணித் தள்ளி நின்றார். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்காமல், அழகுசாதனப் பயன்பாட்டுக்கென்று விற்கும் காய்ச்சி வடித்த நீரையே வாங்குங்கள்.

குரோம்பேட்டை வாசகி:
என் கதை சிறியது. கற்றாழையை மிக்சியில் அடித்துச் சேர்த்த மிஸ்டைக் குளியலறை அலமாரியில் வைத்திருந்தேன். சில நாளில் ஸ்பிரே அடைத்துக்கொண்டது, திறந்தால் நூல் நூலாக ஏதோ மிதந்தது, ரோஜா வாசனைக்கு அடியிலிருந்து புளித்த நெடி வந்தது.

ஆகவே சொல்கிறேன்: வெட்டிவேரை மண் போக அலசி, கொதிக்கும் நீரில் போட்டு மூடி வைத்து, ஆறியதும் மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுங்கள். பதப்படுத்தும் பொருள் சேர்க்காத எதையும் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்; நிறமோ மணமோ மாறினால் அதற்கு முன்பே கொட்டிவிட வேண்டும். பூஜைக்கு விற்கும் பன்னீர் பலவும் தண்ணீரில் செயற்கை வாசனை கலந்தவையே என்பதால், பாட்டிலின் பின்புறத்தைப் படித்த பிறகே வாங்குங்கள். எந்த எண்ணெயானாலும், நீர்த்த கலவையை முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தால் பால்கனியில் நின்று தெளியுங்கள். என் மாமனார் இருமத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் அந்த வழக்கம் வந்தது.

மந்தைவெளி வாசகி:
வேளச்சேரிக்காரருக்கு: நாத்தனாரிடம் கேட்டேன். அளவெல்லாம் பார்க்கவில்லையாம், "கண்திட்டம்தான் அண்ணி" என்கிறார்.