கிரனாடாவில் ஒரு பருவம்: வார இறுதிகளை எங்கே செலவிடுவது?

புதுப்பயணி:
வணக்கம். ஸ்பானிய மொழியும் வரலாறும் படிப்பதற்காக வரும் செப்டம்பரில் ஒரு பருவத்துக்குத் தென் ஸ்பெயினில் உள்ள கிரனாடா பல்கலைக்கழகம் செல்கிறேன். எனக்கு முன் சென்றுவந்த மாணவர்கள் பலர் வார இறுதிதோறும் மத்ரித், பார்சலோனா, லிஸ்பன் என்று பயணம் போயிருக்கிறார்கள். ஆனால் தாங்கள் வாழ்ந்த ஊரைப் பற்றிக் கேட்டால், குன்றின்மேல் நிற்கும் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனையைத் தவிர வேறெதையும் அவர்களால் விரித்துச் சொல்ல முடியவில்லை. ஓரிரு வாரங்களில் பார்த்து முடித்துவிடக்கூடிய ஊரா அது, அல்லது அங்கேயே தங்கி நடந்து அறிய வேண்டியதா? அங்கே படித்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டால் பெரிதும் உதவியாக இருக்கும்.

தார்ரோக்கரை:
நான் அங்கே ஒரு கல்வியாண்டு முழுவதும் படித்தேன். தங்கி, திரும்பத் திரும்ப நடந்து அறிய வேண்டிய ஊர் என்றே உறுதியாகச் சொல்வேன். 1492 ஜனவரி 2 அன்று கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் அரச மரபான நஸ்ரித் மரபின் கடைசி மன்னர் நகரைக் கிறித்தவ அரசர்களிடம் ஒப்படைத்த பிறகு, பெரிய பள்ளிவாசல் நின்ற இடத்தில் பேராலயம் எழுந்தது. அதன் அருகிலேயே, நஸ்ரித் மன்னர் முதலாம் யூசுப் 1349இல் நிறுவிய மதரசாவின் தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. வெளியே 18ஆம் நூற்றாண்டு முகப்பு மட்டுமே தெரிவதால் பலரும் அதைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். அக்கட்டடம் இப்போது நீங்கள் படிக்கப்போகும் பல்கலைக்கழகத்துக்கே உரியது. நகரை வென்ற அரசி இசபெல்லாவும் அரசர் ஃபெர்டினாண்டும் அடக்கம் செய்யப்பட்ட அரசத் தேவாலயம் அதற்கு நேர் எதிரே நிற்கிறது. இவை எல்லாம் ஒரே சிறு தெருவில்!

அல்ஹம்ப்ராவை நான் உண்மையில் புரிந்துகொண்டது தண்ணீரின் வழியாகத்தான். தார்ரோ ஆற்றின் மேற்பகுதியில் நீரைத் திருப்பி, மலைச்சரிவை ஒட்டிச் சுமார் 6 கிலோமீட்டர் கொண்டுவந்த அரசக் கால்வாய் 13ஆம் நூற்றாண்டில், முதல் நஸ்ரித் மன்னர் முதலாம் முகம்மதுவின் காலத்தில் வெட்டப்பட்டது. அது இல்லாவிட்டால் அந்த வறண்ட குன்றின்மேல் அரண்மனையும் இல்லை, தோட்டங்களும் இல்லை. பின்வந்த மன்னர் ஐந்தாம் முகம்மது அங்கே அமைத்த சிங்க முற்றத்தில், 12 பளிங்குச் சிங்கங்கள் தாங்கும் தொட்டியின் விளிம்பில் அரசவைக் கவிஞர் இப்னு சம்ரக்கின் கவிதை செதுக்கப்பட்டிருக்கிறது. உருகி ஓடும் நீர் எது, உறைந்து நிற்கும் பளிங்கு எது என்று பிரித்தறிய முடியாத மயக்கத்தை அது பாடுகிறது. கால்வாயைப் பற்றி வகுப்பில் கேட்டபின் மீண்டும் அங்கே போய் நின்றபோது, அதே முற்றம் எனக்கு முற்றிலும் வேறாகத் தெரிந்தது. எதிர்க்குன்றிலுள்ள பழைய குடியிருப்பான அல்பைசீன் பகுதிக்கு அல்ஃபகார் ஊற்றிலிருந்து ஐனதமார் என்ற வேறொரு கால்வாய் நீர் தந்தது. அப்பகுதியின் சந்துகளில் செங்கல் வளைவோடு காணப்படும் பழைய நீர்த்தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தேடி நடந்தால், அந்தக் குடியிருப்பின் அமைப்பே விளங்கத் தொடங்கும்.

மணற்கல்:
மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் கோர்தோபாவுக்கு ஒரு வார இறுதியை ஒதுக்காமல் இருப்பது சரியல்ல என்பது என் கருத்து. 1236இல் கோர்தோபாவும் 1248இல் செவில்லாவும் கிறித்தவக் காஸ்தீல் அரசின் வசமான பிறகே கிரனாடா முஸ்லிம் அரசாகத் தனித்து எஞ்சியது. 8ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட கோர்தோபா மசூதியின் தூண்வரிசைகளைப் பார்த்தபின், நஸ்ரித் அரண்மனைகளின் நுண்மை எவ்வளவு நீண்ட மரபின் இறுதியில் மலர்ந்தது என்பது புரியும். தொலைதூர நகரங்களை விட்டுவிடலாம்.

மற்றொன்று: அல்ஹம்ப்ராவுக்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்கான சீட்டில் நுழைவு நேரம் குறிக்கப்பட்டிருக்கும், அந்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டுகள் முன்னதாகவே தீர்ந்துவிடும் என்பதால் முன்பதிவு செய்யுங்கள், கடவுச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அல்ஹம்ப்ரா வளாகத்தில் ஐந்தாம் சார்லஸ் மாளிகை வரையுள்ள பகுதிக்குச் சீட்டு தேவையில்லை.

மாலைநடை:
மொழியைப் பொறுத்தவரை ஊரிலேயே இருப்பதுதான் நல்லது. அங்கே சொல்லின் இறுதியில் வரும் 'ஸ்' ஒலி தேய்ந்துவிடுவதால், பாடநூல் ஸ்பானிய மொழி மட்டும் அறிந்தவருக்கு முதல் வாரங்கள் கடினமாக இருக்கும். மாலையில் மதுக்கூடங்களில் எந்தப் பானம் வாங்கினாலும், மது இல்லாத பானமாக இருந்தாலும், தப்பா எனப்படும் சிறு தட்டு உணவைத் தனிக் கட்டணம் இன்றித் தருவார்கள். வழக்கமாக ஒரே இடத்துக்குச் சென்றால், பணியாளர்களும் அக்கம்பக்கத்து முதியவர்களும் தாமாகவே பேசத் தொடங்குவார்கள். என் காது பழகியது அங்கேதான்.

புதுப்பயணி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால் அல்பைசீனிலேயே அறை தேடுவது நல்லதா?

தார்ரோக்கரை:
என் பரிந்துரை அதுவன்று. அங்கே ஏற்றங்கள் செங்குத்தானவை, கல் பாவிய சந்துகளில் சிறு பேருந்துகள் மட்டுமே செல்லும். மாணவர்கள் பெரும்பாலும் பெத்ரோ அந்தோனியோ தே அலார்கோன் தெருவைச் சுற்றியே அறை எடுக்கிறார்கள்; ஆனால் உங்கள் வகுப்புகள் கலைப்புலம் அமைந்துள்ள கார்த்துஹா வளாகத்தில் நடக்குமானால், நகரின் வடபகுதியில் தேடுவது மேல். வெப்பமூட்டும் வசதி இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே முன்பணம் கொடுங்கள். சியேரா நெவாதா மலையடிவாரத்துக் குளிர்காலம் வீட்டுக்குள்ளும் கடுமையாகவே இருக்கும்.