கொள்ளிடம் தண்ணீரை வெளிநாட்டுக்காரன் நிறுத்தினால் யாருக்குப் போன் போடுவது?

வேதாரண்யம் ஆபரேட்டர்:
ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டராக இருக்கிறேன். எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. குடிக்கக் கொள்ளிடம் கூட்டுக் குடிநீரைத்தான் நம்பியிருக்கிறோம். வழியில் ஒரு பம்பிங் ஸ்டேஷன் நின்றாலும் எங்கள் தொட்டி காலி. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கரண்ட் இல்லாமல் தண்ணீருக்கு ஊர் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. புயலுக்காவது முன்கூட்டியே கூண்டு ஏற்றுவார்கள். இப்போது மோட்டாருக்கு சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள், செல்போனிலேயே ஆன், ஆஃப். வேறு நாட்டில் இருப்பவன் இதற்குள் புகுந்தால்? மாநில அரசிடம் ஏதாவது ஏற்பாடு உண்டா?

மன்னார்குடி ஆட்டோமேஷன்:
நியாயமான பயம் அண்ணே. 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலிகிப்பா என்ற சின்ன ஊரில் இது நடந்தது. ஈரான் சார்புக் குழு ஒன்று குடிநீர் பூஸ்டர் ஸ்டேஷனில் பம்பை இயக்கும் கன்ட்ரோலருக்குள் புகுந்துவிட்டது. அந்தக் கன்ட்ரோலர் செய்யும் கம்பெனியின் கருவிகளில் முதலில் போட்டு வரும் பாஸ்வேர்டு 1111. அலாரம் அடித்ததும் ஆட்கள் கையால் இயக்கினார்கள், குடிநீருக்குப் பாதிப்பு வரவில்லை. முதல் வேலையாக உங்கள் ஸ்டார்ட்டர் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

தஞ்சை வக்கீல்:
காகிதத்தில் ஏற்பாடு உண்டு. தமிழக அரசு 2020இல் சைபர் பாதுகாப்புக் கொள்கை வெளியிட்டது. 2022இல் வந்த உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அரசு அலுவலகங்களும் செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) தகவல் தர வேண்டும். இதை டேங்க் ஆபரேட்டர் வரைக்கும் யார் கொண்டுவந்து சொன்னார்கள்? முதலில் பார்ப்பது அவர்தானே!

திருவையாறு, பாசனத் துறை ஓய்வு:
2015 டிசம்பரில் உக்ரைனில் ஏறக்குறைய 2,25,000 இணைப்புகளுக்குக் கரண்ட்டை ஹேக்கர்கள் வெளியிலிருந்தே அணைத்தார்கள். ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் போய், பிரேக்கரைக் கையால் போட்ட பிறகுதான் வந்தது. சில மணி நேரத்தில் முடிந்தது என்றால், கையால் செய்யத் தெரிந்த ஆள் அங்கே இருந்தான். நம் டெல்டாவில் லஸ்கர்கள், அதாவது மதகு பார்க்கும் பாசன ஊழியர்கள், ஷட்டரைக் கைப்பிடியால் சுற்றி ஏற்றி இறக்கியே பழகியவர்கள். மோட்டார் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கைப்பிடியைக் கழற்றக் கூடாது, லஸ்கர் இடத்தைக் காலியாகவும் விடக் கூடாது. மாநிலம் தன் கையில் வைத்திருக்கும் பெரிய பாதுகாப்பு அதுதான்.

வேதாரண்யம் ஆபரேட்டர்:
நன்றி ஐயா. பாஸ்வேர்டை மாற்றியாச்சு. நேரடி சுவிட்ச் ஒன்று சேர்த்துத் தரச் சொல்லி எலெக்ட்ரீஷியனிடம் கேட்டிருக்கிறேன். யாருக்குத் தகவல் சொல்வது என்ற நம்பரை மார்ச் 22 கிராம சபையில் கேட்கப்போகிறேன். அப்புறம், கொள்ளிடம் பம்பிங் ஸ்டேஷனில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: அங்கே எல்லா வால்வையும் கையால் திறக்க முடியுமா?