மெனாய் பாலமும் பரங்கிப்பேட்டை இரும்பும்: இந்தக் கதை எப்போது ஓயும்?

கொல்லுலை:
"பரங்கிப்பேட்டை இரும்பில்தான் இங்கிலாந்தின் மெனாய் பாலம் நிற்கிறது" என்று ஒருத்தர் எழுத, ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். டெல்ஃபோர்டின் தொங்குபாலம் திறந்தது 1826. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தது 1830. உலை மூட்டும் முன்னாலேயே இரும்பு கப்பலேறியதா?

வெள்ளாற்றங்கரை:
'ஒருத்தர்' இல்லை, நான்தான் எழுதினேன். மெனாய் நீரிணையில் இரண்டு பாலம் உண்டு. 1850இல் திறந்த பிரிட்டானியா குழாய்ப் பாலத்தைச் சொன்னேன்.

கொல்லுலை:
பதிவில் இருக்கும் படம் தொங்குபாலம்.

மூன்றாம்_பக்கம்:
இரண்டும் இருப்பது வேல்ஸில். இங்கிலாந்து இல்லை.

வெள்ளாற்றங்கரை:
வந்துட்டாருய்யா பூகோள வாத்தியார். எங்க ஊருக்கு ஒரு பெருமை வந்தா பொறுக்காதே!

கொல்லுலை:
பிரிட்டானியா என்றே வைப்போம். 1970 தீவிபத்தோடு போன அதன் குழாய்கள் தேனிரும்புத் தகடு, அதாவது கார்பன் நீக்கிய இரும்பு. கப்பலில் போனதில் பெரும்பகுதி வார்ப்பிரும்புப் பாளம். அதை மறுபடி உருக்கிக் கிளறி, கார்பனை எரித்து, உருளையில் கொடுத்துத் தகடாக்க வேண்டும். பத்து ஊர்ப் பாளம் கலந்தபின் எந்தத் தகடு பரங்கிப்பேட்டை? படத்தை மாற்றுங்கள்.

கஞ்சமலையான்:
தாது எங்க சேலத்துக் காந்தக்கல் (மேக்னடைட்). பரிசலில் காவிரி வழியாக இறங்கி, கான் சாகிப் கால்வாயில் போய்ச் சேர்ந்தது. பேர் மட்டும் உங்களுக்கா?

வெள்ளாற்றங்கரை:
அப்போ சேலத்திலேயே உருக்கியிருக்கலாமே?

கஞ்சமலையான்:
பூலாம்பட்டியில் உருக்கினாங்க. படிச்சிட்டுப் பேசுங்க.

கொல்லுலை:
உருக்கி என்ன ஆனது? காந்தக்கல் இறுகிய தாது. வறுத்து நொறுக்காமல் கொட்டினால் உலைவாயு உள்ளே புகாது, இரும்பே கசடோடு ஒழுகிவிடும். தாதில் கூடவே குவார்ட்ஸ் கல் உண்டு; அதை இளக்கும் சுண்ணாம்பு குறைந்தால் கசடு கூழாகி உலைவாய் அடைக்கும். விளைச்சலுக்காக உலையை உயர்த்தினால் மரக்கரி பாரம் தாங்காமல் பொடியாகும், காற்று ஏறாது. நிலக்கரி பக்கத்தில் கிடையாது. வெட்ட வெட்டக் காடு தள்ளிப்போகும், வண்டிக்கூலி ஏறும். அங்கே ஸ்காட்லாந்தில் நீல்சன் 1828லேயே உலைக்குள் சூடான காற்றை ஊதி எரிபொருளை மிச்சப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், நிலக்கரி காலடியில். பரங்கிப்பேட்டை ஆலைக்கு 1853இல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்று புதுப்பேர் வைத்தும் 1874இல் கலைந்தது.

வெள்ளாற்றங்கரை:
நஷ்டக் கணக்கை யார் கேட்டது? ஹீத் இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டுக்கே எஃகை மலிவாக்கிக் கொடுத்தவர். எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் காப்புரிமை, 1839.

மூன்றாம்_பக்கம்:
காப்புரிமையில் இருந்தது மாங்கனீசும் கார்பனும் சேர்ந்த மாங்கனீசுக் கார்புரெட். அவருடைய ஏஜென்ட் அன்வின், மாங்கனீசு ஆக்சைடையும் தாரையும் எஃகு உருக்கும் மூசையில் (மண்கலத்தில்) நேரே போட்டு, காப்புரிமைக்குள் அகப்படாமல் தப்பித்துக்கொண்டார். வழக்கு முடியும் முன்பே, 1851இல், ஹீத் போய்ச் சேர்ந்தார். இதுவா பெருமை?

வெள்ளாற்றங்கரை:
ஏமாந்தவரைக் கேலி பண்ணுவது எந்த ஊர் நியாயம்?

கஞ்சமலையான்:
அவர் உருக்கிய தாதும் சேலம்தான்.

கொல்லுலை:
படம் இன்னும் தொங்குபாலம்தான்.

வெள்ளாற்றங்கரை:
மாற்ற மாட்டேன்.

கொல்லுலை:
1826.