‘காலமுறைச் சோதனை’: ஒரு சொல் போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

லினக்ஸ் கணினி தன் வலைத்தொடர்பைக் குறித்த வேளைகளில் தானே சோதித்துக்கொள்வதற்குக் ‘காலமுறைச் சோதனை’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. பொதுப்பெயராக அதனை ஏற்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் லினக்ஸில் வேலைகளைக் குறித்த வேளையில் தானே இயக்கும் இரு கருவிகளான கிரானுக்கும் (cron) சிஸ்டம்டி டைமருக்கும் (systemd timer) அந்த ஒரு சொல்லையே வழங்கினால், கையேட்டைப் பார்த்துக் கணினியை அமைப்பவர் தடுமாறுவார்.

கிரான் கடிகாரத்தைப் பார்த்தே நடக்கும். நிமிடத்துக்குரிய இடத்தில் */7 என்று எழுதினால், எப்போதும் 7 நிமிடத்துக்கு ஒருமுறை பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று கேட்கும் சிறு செய்தி) போகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒவ்வொரு மணியிலும் 0, 7, 14 என்று 56 வரை சென்று, அடுத்த மணி பிறந்ததும் மறுபடி 0 இல் தொடங்குவதால், அந்தக் கடைசி இடைவெளி 4 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. பாடசாலை நேரசூசியும் இப்படித்தான்: முன்னைய பாடம் எப்போது முடிந்தது என்று அது கேட்பதில்லை. டைமரிலும் கடிகார நேரம் குறிக்கலாம் என்றாலும், சென்றமுறை இயங்கியதிலிருந்து இத்தனை நிமிடம் என்று அளந்துவிடும் வசதியே அதன் சிறப்பு.

ஆகவே முன்னதை ‘நேரசூசிச் சோதனை’ என்றும் பின்னதை ‘இடைவெளிச் சோதனை’ என்றும் பிரிக்கலாம். நேரசூசி எங்கள் இலங்கை வழக்கு. தமிழகத்து நண்பர்கள் கால அட்டவணை என்பார்கள், ஆனால் கூட்டுச்சொல்லில் அது மிக நீண்டுவிடும்.

கிளிநொச்சி, மாங்குளம் பக்கத்தில் மின்சாரம் நின்று வரும் நாட்களில் இந்த வேறுபாடு உடனே தெரியும். கணினி அணைந்திருந்தபோது தவறிய சோதனையைக் கிரான் பிறகு செய்யாது. டைமரிலோ, இடைவெளியை மட்டும் எழுதினால் முதற்சோதனையே தொடங்காது. கணினி எழுந்து இத்தனை நிமிடத்தில் என்று இன்னொரு வரியும் வேண்டும். வலைத்தொடர்பைத் தரும் ரவுட்டரும் அதே மின்சாரத்தில்தான் எழும்புகிறது என்பதால், அந்த வரியில் 2, 3 நிமிடம் விடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டின் பின்னும் பொய்யெச்சரிக்கை வரும்.

‘நாடி பார்த்தல்’ என்ற மற்றைய முன்மொழிவு அழகானது. எனினும் மறுமுனை தான் உயிரோடிருப்பதாகத் தானே அனுப்பும் குறிக்கே ‘நாடி’ பொருந்தும். பிங்கில் கேட்பது நாம். ‘நாடி’யை அந்தக் குறிக்கென ஒதுக்கி வைக்கலாம்.

மறுப்பு எழுதுவோர் கையேட்டில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன். என்னுடையது: “இடைவெளிச் சோதனை 5 நிமிடத்துக்கு அமைக்கப்பட்டுள்ளது, முதற்சோதனை கணினி எழுந்து 3 நிமிடத்தில் நடைபெறும்.”