தங்கச்சிக்கு இன்ஜினியரிங் சீட்டு: புரோக்கர் கேட்கும் 40,000 ரூபாயைக் கட்டலாமா?

தங்கச்சிமடத்தான்:
வணக்கம். தங்கச்சி பிளஸ் டூவில் 600க்கு 521. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறாள். எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை, நான் பத்தாவதோடு விசைப்படகுக்குப் போய்விட்டேன், அப்பாவும் கடல்தான். ஏப்ரல் 15லிருந்து மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை பிடிக்கிற மீனில் வரும் பங்குப் பணம் என்று ஒரு ரூபாய் கிடையாது. நிவாரணம் 8,000 வந்த அன்றே மளிகைக்கடைப் பாக்கிக்குப் போய்விட்டது. படகு முதலாளியிடம் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருக்கிறேன், மறுபடி கேட்க முகமில்லை.

இந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, ஒரு தனியார் காலேஜில் சீட்டு இருக்கிறது, இப்போது 40,000 கட்டி மார்க் ஷீட், டிசி ஒரிஜினலைக் கொடுத்துவிட்டால் மீதியை பேங்க் லோனில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறார். மார்க்கை வைத்து அரசு சீட்டுக் கொடுக்கும் கவுன்சலிங் எல்லாம் வீண் அலைச்சலாம். அம்மா தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்யட்டும்?

இ-சேவை மண்டபம்:
தம்பி, பணத்தையும் கொடுக்காதீர்கள், டிசியையும் கொடுக்காதீர்கள். மே மாதம் வந்தால் இந்த ஆட்கள் நம் கரையோரத்தில் வீடு வீடாக வருவார்கள், கையில் காசில்லாத நேரம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர் தருவது நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டு, அதாவது காலேஜே நேரடியாக நிரப்பிக்கொள்வது. அதில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது, சலுகை எல்லாம் கவுன்சலிங் வழியாகப் போனால்தான். ஒரிஜினலைக் காலேஜ் வாங்கி வைத்துக்கொள்வதும் இன்ஜினியரிங் காலேஜ்களைக் கண்காணிக்கும் ஏஐசிடிஇயின் விதிக்கு விரோதம். கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று சொல்லுங்கள், தங்கச்சி ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எந்தப் பள்ளி?

தங்கச்சிமடத்தான்:
எட்டு வரை சர்ச் பள்ளி, அரசு உதவி பெறுவது, தமிழ் மீடியம். அப்புறம் கவர்மென்ட் பள்ளி.

இ-சேவை மண்டபம்:
அடடா. ஆறிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்திருப்பாள். அதில் சீட்டு கிடைத்தால் காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாமே அரசாங்கம் கட்டிவிடும். உதவி பெறும் பள்ளிக்கு அது இல்லை.

சரி, விடுங்கள். முதல் பட்டதாரி இருக்கிறதே. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாரும் டிகிரி முடிக்காத வீடு என்று வருவாய்த்துறை தரும் சான்றிதழ். இ-சேவையில் 60 ரூபாய், விஏஓ, வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொருவராகப் பார்த்து மேலே போக நாள் பிடிக்கும், இன்றே போடுங்கள். கவுன்சலிங்கில் தனியார் காலேஜ் கிடைத்தால் வருடத்துக்கு 25,000 குறையும். 2017ல் கட்டணக் குழு வைத்தது 50,000, என்பிஏ என்ற தர அங்கீகாரம் உள்ள பிரிவுக்கு 55,000, அதில் இது கழிந்தால் ஏறக்குறைய பாதி. அரசுக் காலேஜ் என்றால் ஃபீஸே சொற்பம். ராமநாதபுரத்திலேயே அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி இருக்கிறது, விருப்பப் பட்டியலில் அதையும் வையுங்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை, அடுத்த தம்பி தங்கச்சி இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை காக்கா:
லோனை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது சும்மா. கையெழுத்துப் போடப்போவது தங்கச்சியும் உங்கள் வாப்பாவும்தான். நான் வாங்கியபோது பேங்கில் வீட்டுப் பட்டா கேட்டார்கள். கடற்கரைப் புறம்போக்கில் இருக்கிறவனுக்கு ஏது பட்டா? நாலு தடவை நடந்தேன். 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், மூன்றாம் ஆள் ஜாமீனும் வேண்டாம் என்பதுதான் விதி என்று ஒரு வாத்தியார் சொன்னார், கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து அந்த நம்பரைக் காகிதத்தில் எடுத்துப்போய் மேசையில் வைத்த பிறகுதான் உட்காரச் சொன்னார்கள்.

வருட வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற காலமும் அதற்கப்புறம் ஒரு வருடமும் வட்டியை மத்திய அரசு கட்டும், காலேஜுக்கு நாக் (NAAC) அல்லது என்பிஏ தர அங்கீகாரம் வேண்டும். நான் வருமானச் சான்றைத் தாமதமாகக் கொடுத்தேன், முதல் வருட வட்டி அசலோடு ஏறிவிட்டது. முட்டாள்தனம்.

கலாம் ஐயாவைச் சென்னை எம்ஐடி இன்ஜினியரிங் காலேஜில் சேர்க்க அவர் அக்கா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்த கதையை இங்கே எல்லாப் பள்ளி ஆண்டு விழாவிலும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை. இப்போது தோடு கடைசியாகத்தான் போகவேண்டும்.

பாம்பன் அக்கா:
தம்பி, நான் கடல்பாசி எடுக்கப் போகிறவள், என் மகள் காரைக்குடி கவர்மென்ட் காலேஜில் இரண்டாம் வருடம். ஃபீஸ் எங்களைக் கடிக்கவில்லை, மெஸ் பில்தான் கடித்தது. முதல் மாதமே மெஸ் அட்வான்ஸ், டிராஃப்டர், லேப் கோட், செருப்புக்குப் பதில் ஷூ என்று ஒவ்வொன்றாக வந்தது, பாறையில் விரல் கிழியாமலிருக்கத் துணி சுற்றிக்கொண்டு இறங்கி நான் ஒரு வாரம் எடுத்த பாசிக் காசு இரண்டு நாளில் தீர்ந்தது. அதற்குத் தனியாக எடுத்து வையுங்கள்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். முதலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், 2024ல் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள், உங்கள் தங்கச்சிக்கு வரும். அவள் பெயரிலேயே கணக்கு, ஆதார் இணைத்திருக்க வேண்டும். அப்பாவின் மீனவர் நல வாரிய அட்டையையும் எடுத்துப் பாருங்கள், பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. எங்கள் வீட்டுக்காரர் புதுப்பிக்காமல் போட்டுவைத்ததில் ஒரு வருடம் போச்சு.

தங்கச்சிமடத்தான்:
எல்லோருக்கும் நன்றி. கவுன்சலிங்குக்கு 500 கட்டிப் பதிந்தாயிற்று, முதல் பட்டதாரிக்கும் போட்டாயிற்று. அப்பா அட்டை போன வருடமே முடிந்திருக்கிறது, நாளைக்கு மீன்வளத்துறை ஆபீஸுக்குப் போகிறோம். புரோக்கர் இரண்டு தடவை போன் பண்ணினார், நான் எடுக்கவில்லை. அம்மா தோட்டை இன்னும் மாட்டிக்கொள்ளவில்லை, மெஸ்ஸுக்கு வேண்டும் என்கிறது.

வருமானச் சான்றுக்கு மாத வருமானம் எழுதச் சொல்கிறார்கள். பங்குக்குப் போகிறவன் எதை எழுதுவது?

இ-சேவை மண்டபம்:
நல்ல மாசத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். தடைக்காலம், புயல் எச்சரிக்கையில் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காத நாள் எல்லாம் கழித்து வருடத்துக்கு எவ்வளவு கைக்கு வந்தது என்று பார்த்துப் பன்னிரண்டால் வகுத்து, உள்ளதை எழுதுங்கள். விஏஓவுக்கும் கடல் தெரியும்.