16 மணி நேர விமானம், வீங்கும் கால்: அடிக்கடி பறப்பவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். வேலை விஷயமாக வருடத்துக்கு நாலு தடவையாவது சென்னையிலிருந்து துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோ போய் வருகிறேன். துபாய் வரை நாலு மணி நேரம், அது ஒன்றுமில்லை, கண்ணை மூடித் திறந்தால் முடிந்துவிடும். அப்புறம் வருகிற 16 மணி நேரம்தான் ஆளைப் படுத்துகிறது. போன மாதம் இறங்கும்போது ஷூவுக்குள் கால் நுழையவே இல்லை, பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு செருப்பு மாதிரி இழுத்தபடியே இமிகிரேஷன் வரிசையில் நின்றேன். கணுக்காலில் விழுந்த சாக்ஸ் தடம் ராத்திரி வரை போகவில்லை.

டாக்டர் முழங்கால் வரை வரும் கம்ப்ரஷன் சாக்ஸ் (வீங்காமல் காலை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ்) போடச் சொன்னார், 15-20 எம்எம்எச்ஜி (பிளட் பிரஷர் அளக்கும் அதே அலகு) அழுத்தம். மருந்துக்கடையில் எடுத்துக் கொடுத்ததோ தொடை வரை ஏறும் முரட்டு ரகம், மாட்டுவதற்குள் வியர்த்துவிட்டது. சென்னையில் கணுக்கால், கெண்டைக்கால் அளவெடுத்துத் தரும் கடை தெரியுமா? வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புவீர்களா, விமானத்தில் ஏறி மாட்டுவீர்களா?

இன்னொன்று, சீட். ஜன்னலோரம் என்றால் சாய்ந்து தூங்கலாம், ஆனால் எழுந்து நடக்க இரண்டு பேரை எழுப்ப வேண்டும், அந்தச் சங்கோஜத்திலேயே தண்ணீரைக் குறைத்துவிடுகிறேன், கேபின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதம்கூட இருக்காது, தொண்டை வறண்டு போகிறது. நடைபாதை ஓரம் உட்கார்ந்தால் சாப்பாட்டு வண்டி முட்டியில் இடிக்கிறது. நீங்கள் எதை எடுப்பீர்கள்?

"நிறைய தண்ணி குடிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், ப்ளீஸ். அடுத்த பயணத்துக்கு இன்னும் 20 நாள்தான் இருக்கிறது.